டோக்கியோவில் உங்கள் மாங்கா எந்த அலமாரியில் நிற்கும்?

கேள்வி: தமிழ்நாட்டில் இருந்தபடி டோக்கியோவின் ஒரு சிறு பதிப்பகத்துக்கு மாங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை, வரைந்துகொண்டிருக்கிறேன். இரண்டு ஆண்களுக்கு இடையேயான காதல் கதை. ஒருவருக்கு வயது 24, மற்றவருக்கு 27. புத்தகம் 192 பக்கம். மூன்று இடங்களில், மொத்தம் 11 பக்கங்களுக்கு அந்தரங்கக் காட்சிகள் வருகின்றன. மூன்றாவது காட்சியில் மட்டும் ஒருவர் மற்றவரைக் கட்டாயப்படுத்துவதுபோலத் தொடங்கும். ‘டோக்கியோ இளையோர் சட்டத்தில் மாட்டிக்கொள்ளும், மாற்றி வரையுங்கள்’ என்கிறார் ஆசிரியர். பாத்திரங்கள் பெரியவர்கள்தானே? ‘அனைவரும் 18 வயதைக் கடந்தவர்கள்’ என்று முன்பக்கத்தில் போட்டால் போதாதா? இது தணிக்கை இல்லையா? வெட்டிய பக்கங்களைத் தனியாக அச்சிட்டு டோக்கியோவில் நடக்கும் சிற்றிதழ் விற்பனை விழாவில் விற்கலாமா? இதே கதையை ஒரு சிறு அனிமேயாக (ஜப்பானிய அசைவூட்டப் படம்) செய்யும் எண்ணமும் உண்டு. அதற்கும் இந்தச் சட்டம் பொருந்துமா?

பதில்: முதலில் வயது விஷயத்தைத் தீர்த்துவிடுவோம், ஏனென்றால் பலரும் தடுக்கி விழுவது அங்கேதான். டோக்கியோ பெருநகர இளையோர் நலச் சட்டம் 1964-இல் வந்தது. அதில் ‘இளையோர்’ என்றால் 18 வயது நிரம்பாதவர்கள். 2010-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதற்கு ஒரு திருத்தம் முன்வைக்கப்பட்டது. வரையப்பட்ட பாத்திரங்களை ‘இல்லாத இளையோர்’ என்று அழைத்து, பாத்திரத்தின் வயதையே அளவுகோலாக்கிய வரைவு அது. எழுத்தாளர்கள், ஓவியர்கள், பதிப்பகங்கள் எல்லோரும் எதிர்த்தார்கள். ஜூன் மாதம் பெருநகர அவை அதை நிராகரித்தது. வயது பற்றிய சொற்களை நீக்கி எழுதிய இரண்டாவது வரைவுதான் 2010 டிசம்பர் 15 அன்று நிறைவேறியது. விற்பனைக் கட்டுப்பாடுகள் 2011 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. இணையத்தில் இன்றும் உலவும் விளக்கங்களில் பாதி, தோற்றுப்போன அந்த முதல் வரைவை வைத்து எழுதப்பட்டவை. உங்கள் குழப்பத்துக்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

இன்றுள்ள சட்டம் உங்கள் நாயகனுக்கு 24 வயதா 44 வயதா என்று கேட்பதில்லை. புத்தகத்தை எடுத்துப் புரட்டும் வாசகரின் வயதைத்தான் கேட்கிறது. ‘அனைவரும் 18 வயதைக் கடந்தவர்கள்’ என்ற வரி முன்பக்கத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முடிவு மாறாது. அந்த இடத்தை வேறு எதற்காவது பயன்படுத்துங்கள்.

சட்டத்தின் 8-ஆவது பிரிவின்படி பெருநகர ஆளுநர் ஒரு நூலை இளையோருக்கு ஒவ்வாதது என்று அறிவிக்கலாம். அதற்கு இரண்டு அளவுகோல்கள் உண்டு. முதலாவது பழையது: பாலுணர்வைத் தூண்டுவது, கொடூரத்தை வளர்ப்பது, தற்கொலைக்கோ குற்றத்துக்கோ தூண்டுவது. இரண்டாவது 2010 திருத்தத்தில் சேர்ந்தது. மாங்கா, அனிமே போன்ற வரைபடங்களுக்கு மட்டுமே உரியது, நிஜ மனிதர்களின் படப்பதிவுக்கு அல்ல. தண்டனைச் சட்டத்தின்படி குற்றமாகும் பாலியல் செயலையோ, சட்டம் மணம் தடுத்துள்ள நெருங்கிய உறவினரிடையே நடப்பதையோ நியாயமற்ற முறையில் புகழ்ந்தும் மிகைப்படுத்தியும் காட்டினால் இது பொருந்தும். நடைமுறையில் அறிவிக்கப்படும் நூல்களில் மிகப் பெரும்பாலானவை முதல் அளவுகோலின் பாலுணர்வுப் பகுதியில்தான் சிக்குகின்றன. இரண்டாவது அளவுகோலின்படி முதல் அறிவிப்பு 2014-இல்தான் வந்தது.

உங்கள் முதல் இரண்டு காட்சிகள் பழைய அளவுகோலுக்குள் வரும். கட்டாயத்தில் தொடங்கும் மூன்றாவது காட்சி இரண்டு அளவுகோல்களுக்கும் நடுவில் நிற்கிறது. குற்றத்தைக் காட்டியதற்காக மட்டும் அது சிக்காது. அந்தக் கட்டாயம் பின்னால் கதையில் எப்படி எடுத்துக்கொள்ளப்படுகிறது என்பதுதான் பார்க்கப்படும். பாதிக்கப்பட்டவர் அடுத்த பக்கத்திலேயே மகிழ்ந்து, அதற்கு எந்த விளைவும் இல்லாமல் கதை காதலாக நகர்ந்துவிட்டால், ‘புகழ்ந்து காட்டுவது’ என்ற சொல்லுக்கு நீங்களே கதவைத் திறந்துவிடுகிறீர்கள். சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் அந்த இடம் கதையாகவே பலவீனமானது. நான் ஆசிரியராக இருந்தால் இந்த ஒரு காட்சியைத்தான் மாற்றச் சொல்லிப் பிடிவாதம் பிடிப்பேன்.

அறிவிப்பு எப்படி நிகழ்கிறது என்று தெரிந்தால் ஆசிரியரின் பதற்றம் புரியும். பெருநகர அலுவலர்கள் மாதந்தோறும் சாதாரணப் புத்தகக் கடைகளிலும் கன்வீனியன்ஸ் கடைகளிலும் நூல்களைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அவர்கள் தேடுவது பெரியவர்களுக்கான குறி இல்லாமல் பொது அலமாரியில் இருப்பவற்றை. அவற்றில் சில பொறுக்கப்பட்டு, பதிப்பு, விநியோகம், கடைகள் சார்ந்த சுயக்கட்டுப்பாட்டு அமைப்புகளின் கருத்து கேட்கப்படுகிறது. பிறகு இளையோர் நல ஆலோசனைக் குழுவின் முன் வைக்கப்படுகின்றன. குழு ‘பொருந்தும்’ என்றால் ஆளுநர் அறிவிக்கிறார், அரசிதழில் வெளியாகிறது. ஒரு மாதத்தில் அப்படி அறிவிக்கப்படும் நூல்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து கடைக்காரர் மூன்று காரியம் செய்தாக வேண்டும்: 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு விற்கக் கூடாது, புரட்டிப் பார்க்க முடியாதபடி உறையிட வேண்டும், மற்ற நூல்களிலிருந்து தெளிவாகப் பிரித்து, ஊழியர் கண்ணில் படும் இடத்தில் வைக்க வேண்டும். எச்சரித்த பிறகும் மீறினால் 3 லட்சம் யென் வரை அபராதம்.

தணிக்கையா என்று கேட்டீர்கள். ஜப்பானிய அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தணிக்கையைத் தடை செய்கிறது. கிஃபு மாகாணத்தின் இதே வகைச் சட்டம் உச்ச நீதிமன்றம் வரை போய், 1989 செப்டம்பரில் அரசமைப்புக்கு முரணல்ல என்று தீர்ப்பானது. சட்டத்தின் கண்ணில், வெளியான பிறகு நடக்கும் அறிவிப்பு தணிக்கை ஆகாது; பெரியவர்கள் அந்த நூலைத் தாராளமாக வாங்கலாம். காகிதத்தில் இது சரி. கடைத்தெருவில் நடப்பது வேறு. கடைகள் பிரதிகளைத் திருப்பி அனுப்புகின்றன. ஜப்பானில் புத்தகங்கள் பெரும்பாலும் திருப்பி அனுப்பும் உரிமையோடுதான் கடைக்குப் போகின்றன என்பதால் அந்தச் சுமை முழுதும் பதிப்பகத்தின் தலையில் இறங்குகிறது. பெரிய இணையக் கடைகள் அறிவிக்கப்பட்ட நூலைப் பெரியவர் பகுதிக்கு மாற்றுவதோடு நிற்காமல் விற்பனையையே நிறுத்திவிடுவதுண்டு. இளையோரிடமிருந்து மட்டும் விலக்கிவைக்கப் பிறந்த சட்டம், பெரியவரின் கையிலிருந்தும் நூலைப் பிடுங்குவதில் முடிகிறது. இது அநியாயம்தான். ஆனால் உங்கள் ஒப்பந்தமும் வரைபலகையும் இந்த நிலைமையை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

உங்களைப் போல ஆண்–ஆண் காதல் வரைபவர்கள் ஏன் அதிகம் சிக்குகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அண்மை ஆண்டுகளின் அறிவிப்புகளில் இந்த வகை நூல்களே மிகுதி. மற்ற வகை நூல்களைவிட இவை மோசம் என்பதல்ல காரணம். ஆண்களைக் குறிவைத்த பெரியவர் மாங்காக்களுக்கு 1991 முதல் அட்டையில் தனிக் குறி போடும் வழக்கம் உண்டு. அவற்றுக்குக் கடையில் தனி மூலையும் உண்டு. குறி போட்ட நூலை அதற்குரிய மூலையில் வைத்தால் அறிவிப்புக்கு அது பொதுவாகப் போவதில்லை. பெண் வாசகர்களை நம்பி வளர்ந்த ஆண்–ஆண் காதல் கதைகளோ தொடக்கம் முதலே பொது அலமாரியில்தான் நிற்கின்றன. குறி போட்டால் அவை ஆண்களுக்கான மூலைக்குள் போய்விடும். உங்கள் வாசகி அங்கே காலடி வைக்க மாட்டாள். பெரியவர் மூலையே இல்லாத கடைகளோ நூலை வாங்கவே வாங்காது. அதனால் பதிப்பகங்கள் குறி போடத் தயங்குகின்றன, குறியில்லாத நூலை அலுவலர் வாங்கிப் போகிறார். உங்கள் ஆசிரியர் மாட்டிக்கொண்டிருக்கும் இடுக்கு இதுதான்.

ஆகவே, எந்தக் கோட்டை எவ்வளவு மறைப்பது என்று பேசுவதற்கு முன், இந்தப் புத்தகம் எந்த அலமாரியில் நிற்கப்போகிறது என்று நீங்களும் ஆசிரியரும் இப்போதே முடிவு செய்யுங்கள். அச்சுக்கு முன் இந்த முடிவுக்குச் செலவு கிடையாது. அறிவிப்பு வந்த பிறகு எடுக்கும் எந்த முடிவும் திரும்பி வந்த பிரதிகளின் மேல் உட்கார்ந்து எடுப்பதாகத்தான் இருக்கும். குறி போடுவதென்றால் 11 பக்கங்களையும் இந்தச் சட்டத்துக்காகத் தொட வேண்டியதில்லை. கடைகளின் எண்ணிக்கை குறையும், அவ்வளவுதான். குறி இல்லாமல் பொது அலமாரி என்றால் கீழே சொல்வதைச் செய்யுங்கள்.

குழுக் கூட்டங்களின் குறிப்புகள் பெருநகர அரசின் தளத்தில் கிடைக்கும். கடந்த ஓராண்டுக்கானதை மொழிபெயர்ப்புக் கருவியின் உதவியோடாவது படியுங்கள். எதை எதைச் சுட்டிப் பேசுகிறார்கள் என்று ஒரு வடிவம் புலப்படும்: காட்சி எத்தனை பக்கம் நீள்கிறது, புத்தகத்தில் எத்தனை முறை திரும்புகிறது, கட்டங்கள் எவ்வளவு பெரியவை, உடல் நீர்மங்கள் எவ்வளவு தூக்கலாக வரையப்பட்டுள்ளன, ஓசை எழுத்துகள் எப்படிப் படத்தின் மேல் பரவியிருக்கின்றன. உறுப்பின் மேல் வெள்ளை பூசியாயிற்று என்பது இங்கே பதிலாகாது. அந்த வெள்ளை தண்டனைச் சட்டத்தின் 175-ஆவது பிரிவுக்காக, அதாவது ஆபாச வெளியீட்டுக்கான நாடு தழுவிய சட்டத்துக்காகப் பூசுவது. அது வாசகரின் வயதைப் பார்க்காது; குறி போட்ட நூலுக்கும் பொருந்தும்; மீறினால் அபராதத்தோடு நிற்காமல் சிறை வரை போகும். இரண்டும் வெவ்வேறு வாசல்கள். ஒன்றைத் தாண்டியதால் மற்றதைத் தாண்டியதாகாது.

பிரச்சினை உங்கள் 11 பக்கம் என்ற எண்ணிக்கையில் இல்லை. அவை தொடர்ந்து வருவதில் இருக்கிறது. மூன்றாவது காட்சி 5, 6 பக்கம் இடைவிடாமல் ஓடுகிறது என்றால் அதை உடையுங்கள். நடுவில் வேறு இடம், வேறு நேரம் என்று ஒரு வெட்டு. முழுப்பக்கக் கட்டம் இருந்தால் அதை மூன்றாகப் பிரித்து, முகம், கை, கசங்கிய துணி என்று கண்ணை நகர்த்துங்கள். ஓசை எழுத்தில் பாதியை எடுத்தாலே பக்கத்தின் தொனி மாறிவிடுவதை நீங்களே பார்ப்பீர்கள். அட்டையையும் மறந்துவிடாதீர்கள். கடையில் அலுவலரின் கை நீள்வது அட்டையையும் அதன் மேல் சுற்றிய காகிதப் பட்டையின் வாசகத்தையும் பார்த்துத்தான்.

பக்கத்தை வெட்டுவதென்றால் எப்போதும் இரண்டு இரண்டாக வெட்டுங்கள். வலமிருந்து இடமாகப் படிக்கும் புத்தகத்தில் ஒற்றைப்படைப் பக்கம் இடப்புறம் விழும். அதன் கடைசிக் கட்டத்தில் ஆவலைக் கிளப்பி, தாளைத் திருப்பியதும் இரட்டைப்படைப் பக்கத்தில் விடையைக் காட்டுவதுதான் மாங்காவின் மூச்சு. ஒரே ஒரு பக்கத்தை எடுத்தால் அதன் பிறகு வரும் அத்தனை திருப்பங்களும் எதிர்ப்பக்கத்தில் வந்து உட்கார்ந்து, திருப்பும் முன்பே கண்ணில் பட்டுவிடும். இரட்டைப் பக்கப் படம் இருந்தால் அது நடுவில் பிளந்து, முன்னும் பின்னுமாக ஒரே தாளின் இரு பக்கங்களில் விழும். அச்சகம் 16 பக்க மடிப்பில் ஓட்டினால் 192 என்பது சரியாக 12 மடிப்பு. இரண்டு பக்கம் குறைந்தால் அந்த இடத்தைப் பின்னுரை, பாத்திர வரைவு என்று ஏதாவது ஒன்றால் நிரப்பியே ஆக வேண்டும். ஆசிரியரிடம் அதை முன்கூட்டியே கேளுங்கள்.

கணினியில் வரைகிறீர்கள் என்றால் இன்றே ஒரு பழக்கத்தைத் தொடங்குங்கள். ஓசை எழுத்து ஒரு லேயர், வெள்ளை மறைப்பு ஒரு லேயர், நீர்மங்கள், வேகக் கோடுகள் ஒரு லேயர், அடிப்படைக் கோடு ஒரு லேயர். எதையும் கோட்டோடு ஒட்டிவிடாதீர்கள். பொது அலமாரிக்கு ஒரு பதிப்பு, குறியிட்ட மின்பதிப்புக்கு ஒன்று, வெளிநாட்டு உரிமைக்கு ஒன்று என்று ஒரே கோப்பிலிருந்து எடுத்துவிடலாம். ஒட்டிவிட்டால் ஒவ்வொன்றுக்கும் மறுபடி வரைய வேண்டியிருக்கும். அதற்கான கூலியை யாரும் தரப்போவதில்லை.

கூலி என்றதும் ஒப்பந்தம். ஜப்பானியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு, படைப்பு தன் விருப்பத்துக்கு மாறாகத் திருத்தப்படாமல் காக்கும் உரிமையைப் படைப்பாளிக்குத் தருகிறது. எனவே உங்கள் சம்மதமின்றி ஆசிரியர் ஒரு கட்டத்தைக்கூட மாற்றக் கூடாது. ஆனால் ‘தேவையான திருத்தங்களுக்குச் சம்மதிக்கிறேன்’ என்ற ஒரு வரியில் நீங்களே அதைக் கைவிட்டிருக்கலாம். எடுத்துப் பாருங்கள். இன்னும் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். உரிமைத்தொகை அச்சிட்ட பிரதிக்கா, விற்ற பிரதிக்கா? நூல் அறிவிக்கப்பட்டால் திரும்பி வரும் பிரதிகளின் நட்டத்தில் உங்கள் பங்கு உண்டா? அறிவிப்புக்குப் பின் நிறுத்தப்படும் மின்பதிப்பின் உரிமை உங்களிடம் திரும்பி வருமா, எத்தனை மாதத்தில்? விற்ற பிரதிக்குத்தான் தொகை என்றால் அறிவிப்பின் அடி நேராக உங்கள் மேல் விழும். அப்போது எந்த அலமாரி என்ற முடிவில் உங்கள் சொல்லுக்கும் எடை கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

அறிவிப்பை எதிர்த்து வழக்குப் போடலாம். தெரியவந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போட வேண்டும். புதிய வெளியீட்டுக்குக் கடையில் இருக்கும் ஆயுள் அதைவிடக் குறைவு என்பதால் சிறு பதிப்பகங்கள் அந்த வழிக்குப் போவதில்லை. 2010 திருத்தத்தை நிறைவேற்றியபோது, படைப்பின் கலைத்தன்மை, சமூகப் பொருள், நையாண்டி நோக்கம் ஆகியவற்றைக் கருத்தில் கொண்டு கவனமாகச் செயல்படுத்த வேண்டும் என்று அவை ஒரு துணைத் தீர்மானமும் செய்தது. நல்ல தீர்மானம். ஆனால் குழுவின் முன் இருப்பது கடையில் வாங்கிய பிரதி மட்டுமே. உங்கள் நோக்கம் அந்தப் பிரதியின் பக்கங்களிலேயே தெரிந்தால்தான் உண்டு.

டோக்கியோவைத் தாண்டினால் விதி மாறும். நாகானோ தவிர மற்ற எல்லா மாகாணங்களிலும் இப்படி நூல்களைக் கட்டுப்படுத்தும் இளையோர் சட்டம் இருக்கிறது. டோக்கியோ ஒவ்வொரு நூலாகப் பார்த்து அறிவிக்கிறது. பல மாகாணங்களிலோ, இப்படிப்பட்ட படங்கள் இத்தனை பக்கத்துக்கு மேல் அல்லது மொத்தப் பக்கங்களில் இத்தனை பங்குக்கு மேல் இருந்தால் எந்த அறிவிப்பும் இல்லாமலே கட்டுப்பாடு பாயும். அந்த எண்கள் மாகாணத்துக்கு மாகாணம் வேறு. உங்கள் பதிப்பகத்தின் விற்பனைப் பிரிவு அந்தப் பட்டியலை வைத்திருக்கும். 11 பக்கம் என்பதைச் சொல்லி, எங்கெல்லாம் எல்லையைத் தொடுகிறது என்று கேளுங்கள்.

அனிமே பற்றி. சட்டத்தின் ‘நூல்கள்’ என்ற வரையறைக்குள் வீடியோ டிஸ்க்கும் பிற பதிவு ஊடகங்களும் அடங்கும். டிஸ்க்காக விற்றால் மேலே சொன்ன அத்தனையும் பொருந்தும். திரையரங்கில் என்றால், திரைப்படங்களுக்கு வயதுத் தரம் பிரிக்கும் ஜப்பானிய அமைப்பான எய்ரினின் தரப்பிரிப்பு: எல்லோருக்கும், 12-க்குக் கீழ் பெற்றோர் வழிகாட்டலோடு, 15-க்கு மேல், 18-க்கு மேல். இணையத்தில் மட்டும் ஓடவிட்டால் அந்தந்தத் தளத்தின் விதிதான் முதலில் வரும், ஆனால் 175-ஆவது பிரிவு அங்கேயும் துரத்தும். நூலுக்கான முன்னோட்டமாக இரண்டு நிமிடம் போதும் என்றால் அந்தக் காட்சிகளை அதில் தொடவே வேண்டாம். அதற்காக வயதுச் சுவர் எழுப்பிப் பார்வையாளரை இழப்பதில் பயனில்லை.

கடைசியாக, வெட்டிய பக்கங்களைத் தனிச் சிற்றிதழாக விழாவில் விற்பது. விற்கலாம், பலரும் செய்வதுதான். அட்டையில் பெரியவர்களுக்கு மட்டும் என்ற குறி கண்ணில் படும் அளவில் இருக்க வேண்டும். மாதிரிப் பிரதியை விழா ஊழியர் புரட்டிப் பார்த்து மறைப்பு போதாது என்றால் அன்றைக்கே விற்பனையை நிறுத்திவிடுவார். சந்தேகம் வந்தால் வாங்குபவரிடம் அடையாள அட்டை கேட்பது உங்கள் பொறுப்பு. ஆனால் அந்தப் பக்கங்களின் உரிமை உங்களிடம் இருக்கிறதா, பதிப்பகத்திடம் போய்விட்டதா என்று முதலில் பாருங்கள். இங்கே அச்சடித்து மூட்டையாக அனுப்பவும் வேண்டாம். ஜப்பானியச் சுங்கச் சட்டத்தின் 69-11-ஆவது பிரிவு ஒழுக்கத்துக்குக் கேடான வெளியீடுகளின் இறக்குமதியைத் தடுக்கிறது. பெட்டி நின்றுவிட்டால் விழா முடிந்துவிடும். ஜப்பானிய அச்சகத்திடமே கோப்பை அனுப்பினால், மறைப்பு போதாத பக்கங்களை அவர்களே திருப்பி அனுப்புவார்கள். அதுவே உங்களுக்கு முதல் சோதனை. எதிர்த்திசையிலும் எச்சரிக்கை தேவை. ஆசிரியர் அனுப்பும் உங்கள் பிரதிகள் இந்தியச் சுங்கத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். ஆபாச நூல்களின் விற்பனையும் இறக்குமதியும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 294-ஆவது பிரிவில் வரும், 18 வயது நிரம்பாதவரிடம் விற்பது 295-இல். குறியிட்ட பதிப்பின் பிரதிகளை டோக்கியோவிலேயே வைத்திருக்கச் சொல்லி, பொது அலமாரிப் பதிப்பை மட்டும் வீட்டுக்கு வரவழையுங்கள்.